நின்ன எடத்துல நாப்பது கிலோமீட்டர்

மருமவனே, உன்னைக் குறை சொல்ல வரலை. ஒன்றரை லட்சம் போட்டு சைக்கிள் வாங்கினே, உன் காசு. அதோட பின்சக்கரத்தைக் கழட்டிட்டு, மாடி ரூம்ல ஒரு இரும்புக் கவட்டையில மாட்டி, ஃபேனை மூஞ்சிக்கு நேரா வச்சு, டிவியில ஏதோ வெளிநாட்டு மலைரோட்டைப் பார்த்துக்கிட்டே ரெண்டு மணி நேரம் மிதிக்கிறே, உன் கால். வேர்வையைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வந்து, “மாமா, இன்னைக்கு நாப்பது கிலோமீட்டர்”ங்கறே பாரு, அங்கதான் எனக்குச் சின்னதா ஒரு சந்தேகம். நாகூர்லேருந்து வடக்கே நாப்பது கிலோமீட்டர் போறவன் காரைக்காலைத் தாண்டி, தரங்கம்பாடிக் கோட்டையையும் தாண்டியிருக்கணும். உன் கால்ல ஒரு பொட்டு சேறு இல்லை. ஒரு நாய் துரத்தலை. வழியில தெரிஞ்சவன் ஒருத்தன்கூட உன்னைப் பார்க்கலை. எந்த ஊருக்குத்தான்டா போயிட்டு வந்தே?

உன் ஆத்தாகிட்டே கேட்டேன். “அது குளிர்காலப் பயிற்சிண்ணே. வெளியில பனி கொட்டுது, புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்”னா என் தங்கச்சி. நம்மூர் மார்கழி விடியக்காலையில 20 டிகிரிக்குக் கீழே இறங்கறதே அபூர்வம். அதுக்கே கிழவனுங்க நாங்க காதோட சேத்து மப்ளரைக் கட்டிக்கிட்டு டீக்கடைக்கு வந்துடறோம். முப்பது வயசுக்காரன் நீ ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளே மிதிக்கிறே.

இந்தக் கவட்டை வித்தை எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சேன். பெல்ஜியம், ஹாலந்து, இங்கிலாந்து பக்கமெல்லாம் டிசம்பர்ல சாயங்காலம் நாலு, நாலரைக்கே இருட்டிடுமாம். ரோட்ல தண்ணி உறைஞ்சு கண்ணாடியாக் கிடக்குமாம். இடுப்பை ஒடிச்சுக்கறதுக்குப் பதிலா வீட்டுக்குள்ளயே மிதிச்சுக்கலாம்னு அவன் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டான். அவன் ஊருக்கு அது நியாயம். ஆனா அவனுங்கள்லயே கையில காசு உள்ளவன் என்ன பண்றான் தெரியுமா? ஏரோப்ளேன் ஏறி ஸ்பெயின் தேசத்து மயோர்க்கா தீவுக்கும் கானரித் தீவுகளுக்கும் போயிடறான். பெரிய பெரிய போட்டிக்காரனெல்லாம் குளிர்காலத்துல அங்கதான் போய்த் தங்கி மிதிக்கிறான். அங்கே என்ன விசேஷம்? டிசம்பர்லயும் வெயில் இருக்கு, கடல் காத்து இருக்கு, ரோட்ல பனிக்கட்டி இல்லை. அவ்வளவுதான். அவன் டிக்கெட் எடுத்துத் தேடிப்போற சரக்கெல்லாம் உன் வாசப்படியில ஓசியில கிடக்கு. நீ என்னடான்னா அவன் ஊர்க் குளிருக்கு இங்கே உக்காந்து நடுங்கறே.

நின்ன எடத்துல சைக்கிள் விடறது எங்களுக்கொண்ணும் புதுசு இல்லை. எழுவது, எம்பதுகள்ல, அறுப்பு முடிஞ்சு சனங்க கையில நாலு காசு புழங்கற நேரமாப் பார்த்து ஊருக்குள்ள ஒரு சைக்கிள்காரன் வந்து இறங்குவான். திடல் நடுவுல ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில குழாய் ரேடியோவைக் கட்டி, சுத்திலும் டியூப்லைட்டைத் தொங்கவிடுவான். ஏழு நாள், எட்டு நாள், சைக்கிளை விட்டுக் கீழே இறங்காம அந்த மூங்கிலைச் சுத்திச் சுத்தி வருவான். ஓட்டிக்கிட்டே பல்லு விளக்குவான். ஓட்டிக்கிட்டே குடத்தை வாங்கித் தலையில ஊத்திக் குளிப்பான். சட்டை மாத்துவான், சோறு தின்பான், தலை சீவி பவுடர் போட்டுக்குவான். தரையில கிடக்கற கைக்குட்டையைக் குனிஞ்சு வாயால கவ்வுவான். ராத்திரியானா ரெக்கார்டு டான்ஸ். அதுக்கு நடுவுல நெஞ்சுல டியூப்லைட்டை உடைச்சுக்குவான். ஊர்ப் பெரிய மனுசன் ஒருத்தர் எந்திரிச்சுப் போய் அவன் சட்டையில ரூபா நோட்டைக் குத்துவாரு. மைக்ல அவர் பேரை மூணு தடவை சொல்லுவாங்க. உடனே பக்கத்துத் தெருப் பெரிய மனுசருக்கு ரோசம் வந்துடும், அவரும் எந்திரிப்பாரு. கடைசி நாள் வசூல்ல அரிசி, தேங்கா, வாழைத்தார், சில ஊர்ல ஆட்டுக்குட்டி வரைக்கும் சேரும்.

அவனும் எங்கேயும் போகலை, நீயும் எங்கேயும் போகலை. ஆனா அவன் ஊரையே திடலுக்கு வரவழைச்சான். நடுச்சாமத்துல யாரும் பார்க்காதப்போ காலை ஊனிடறானான்னு உளவு பார்க்கவே நாங்க நாலு பேரு சாக்கைப் போர்த்திக்கிட்டு உக்காந்திருப்போம். உன்னைப் பார்க்க மாடி ரூம்ல ஒரு பல்லி இருக்கு. அந்த டிவி மலைரோட்டுக்கு மாசாமாசம் சந்தா வேற கட்டறியாமே? அவன் மிதிச்சதுக்கு ஊர் காசு குடுத்துச்சு. நீ மிதிக்கறதுக்கு நீயே காசு குடுக்கறே.

“மாமா, நம்மூர் தட்டையாக் கிடக்கு. ஏத்தத்துல மிதிச்சுப் பழக மலைக்கு நான் எங்கே போவேன்”னு ஒரு நாள் கேட்டே. நாகூர்ல ஒசரம்னா தர்காவோட பெரிய மனோரா இருக்கு. 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் குடுத்தது. அதுல சைக்கிளை ஏத்த யாரும் விடமாட்டாங்க. மத்தபடி வெட்டாறு, திருமலைராஜனாறு, அரசலாறுன்னு கடலுக்குப் போற ஆறுங்க மேல இருக்கற பாலம்தான் நமக்கு மலை. ஏற ஆரம்பிச்சா மூச்சு வாங்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஆனா மருமவனே, டெல்டாக்காரனுக்கு மலை தரையில இல்லை, காத்துல இருக்கு. ஐப்பசி பொறந்தா வாடை கிளம்பிடும். தை வரைக்கும் வடகிழக்கேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கும். மரம் மட்டை எதுவும் மறிக்காத ரோட்ல அதுக்கு எதிரா மிதிச்சுப் பாரு. மலையில ஏறினா உச்சின்னு ஒண்ணு வரும். அங்கே நின்னு போட்டோ எடுத்துக்கலாம், அந்தப் பக்கம் மிதிக்காமலே இறங்கலாம். வாடைக்கு உச்சியே கிடையாது. நாகப்பட்டினத்துலேருந்து நாகூருக்கு வர்றப்போ தூரத்துல மனோரா தெரியும். இந்தா வந்துட்டோம்னு மிதிப்பே. கால் மணி நேரம் மிதிச்சப்புறமும் அது அங்கயேதான் நிக்கும்.

இதுக்குக் கணக்கு இருக்கு. எங்க காலத்து பௌதிக வாத்தியார் சொல்லிக் குடுத்ததுதான். வேகத்தை ரெண்டு மடங்காக்கினா, காத்து உன்னைத் தடுக்கற வலு நாலு மடங்காவும். அதைக் கிழிச்சுக்கிட்டுப் போவ உன் கால் குடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. அதனாலதான் எதிர்க்காத்துல வேகம் காட்டறவன் காரைக்கால் எல்லைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே நாக்கைத் தள்ளிடறான். குனி. முழங்கையை மடக்கு. கியரைக் குறைச்சு, காலைச் சீராச் சுத்து. வேகத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பாரு. எங்க கருப்பு சைக்கிளுக்கு ஒரே கியர். நாங்க தலையைக் குனிஞ்சு, துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு, எதுத்தாப்ல வர்ற லாரிக்காரனைத் திட்டிக்கிட்டே போயிடுவோம்.

மார்கழியில கிளம்பினா முதல்ல வடக்கே போ. தெம்பு இருக்கும்போதே வாடையை வாங்கிக்கோ. சோர்ந்து திரும்பும்போது அது முதுகுல கையை வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து விடும். இந்த சூட்சுமம் வாஞ்சூர் வரைக்கும் தினம் மிதிக்கிற நம்மூர் ஆளுங்க சில பேருக்கு நல்லாத் தெரியும். புதுச்சேரி எல்லை, சரக்கு விலை மலிவு. போவும்போது எதிர்க்காத்து, வரும்போது தள்ளுகாத்து. வரும்போது காத்து சரியாத்தான் இருக்கும், ரோட்டோட அகலம்தான் அவங்களுக்குப் பத்தாது. அவங்களுக்கு வழிவிட்டு ஓரமாப் போ.

தெற்கே வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரைன்னு போறதா இருந்தா கணக்கு தலைகீழ். கோடியக்கரை நாகூர்லேருந்து போவ மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல வரும். போவும்போது காத்து தோள்ல தூக்கிக்கிட்டுப் போவும். நமக்கு இவ்வளவு பலமான்னு நீயே ஏமாந்து போவே. திரும்பும்போது வட்டியோட வசூல் பண்ணும். ஆனாலும் ஒரு தடவை போ. அந்த நேரத்துல கோடியக்கரைச் சதுப்புல பூநாரைங்க கூட்டங்கூட்டமா நிக்கும். எங்கேருந்தோ பறந்து வந்து நம்மூர்க் குளிர்காலத்தைக் கழிச்சிட்டுப் போற ஜீவன் அது. அதுக்கு இருக்கற வெவரம்கூட உனக்கு இல்லை. வழியில வேதாரண்யம் உப்பளம். 1930 ஏப்ரல்ல ராஜாஜியும் அவர் கூட்டமும் திருச்சியிலேருந்து அங்கே உப்பெடுக்க நடந்தே வந்தாங்க. கால்ல கிளிப் வச்ச செருப்பு இல்லை, கண்ணுக்குக் கலர் கண்ணாடி இல்லை. வந்தாங்க, எடுத்தாங்க, ஜெயிலுக்குப் போனாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி உன் வாட்ச்சு மழை வருமா வராதான்னு சொல்லுதுங்கறே, சரி. அதோட நாகப்பட்டினம் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருக்காங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. ஒண்ணுலேருந்து பதினொண்ணு வரைக்கும் நம்பர் இருக்கு. தூரத்துல புயல் உருவாகியிருக்குன்னு சின்ன நம்பர் ஏறினப்பவே எங்க தோணிக்காரங்க வலையைச் சுருட்டிடுவாங்க. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் கரையேறினப்போ இந்த ரோட்ல மரமும் கம்பமும் விழாத எடம் கிடையாது. அப்படிப்பட்ட நாள்ல மட்டும் மாடி ரூம்லயே மிதி. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன். டிசம்பர் 26 அன்னைக்கும் கடலோரத் தெருவுல வேகம் காட்டாதே. 2004 சுனாமியில ஆறாயிரம் பேருக்கு மேல இந்த ஒரு மாவட்டத்துல போனாங்க. அன்னைக்குக் காலையில அங்கே சனங்க மெழுகுவத்தியோட நிப்பாங்க. இறங்கி, தள்ளிக்கிட்டுப் போ.

இனிமே ரோட்டுக்கு வருவோம். உன் டயர் பெருவிரல் அகலம்கூட இல்லை. நம்ம ரோட்டோட சுபாவம் மாசத்துக்கு மாசம் மாறும், அது உன் பயிற்சி அட்டவணையில இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில நடவுக்கு உழுதுட்டு டிராக்டர் வயல்லேருந்து கேஜ் வீலோடவே தார் ரோட்ல ஏறிடும். அது உதுத்துட்டுப் போற களிமண் இருக்கே, காவிரி நூத்தாண்டு நூத்தாண்டாக் கொண்டாந்து போட்ட மண்ணு, மழைத் தூறல் பட்டா வழுக்கும். காஞ்சா மட்கார்டுக்குள்ள கல்லாப் புடிச்சுக்கும். உன் சைக்கிள்ல மட்கார்டே இல்லை. அழகுக்காக எடுத்துட்டாங்கன்னே. அழகு உன் முதுகுல ஒரு கோடாத் தெரியும், வந்து கண்ணாடியில பாரு.

மழை ராத்திரின்னா மாடெல்லாம் வயல்லயும் வரப்புலயும் ஈரம் தாங்காம ரோட்டுக்கு வந்து படுத்துக்கும். தார்ல கொஞ்சம் கதகதப்பு இருக்குல்ல. கருப்பு ரோட்ல கருப்பு எருமை. மார்கழியில சூரியன் ஆறரைக்குப் பக்கமாத்தான் தலையைக் காட்டும். நீ அஞ்சு மணிக்குக் கிளம்பறவன். முன்னாடி நல்ல விளக்கு, பின்னாடி சிவப்பு விளக்கு, உடம்புல வெளிச்சம் பட்டா மின்னற சட்டை. இந்த மூணுல மட்டும் மாமன் கேலி பண்ண மாட்டேன். அந்தக் காலத்துல விளக்கு இல்லாம வந்தா போலீஸ்காரர் நிறுத்தி, வால் டியூபைப் புடுங்கி, காத்தை இறக்கி விட்டுட்டு, “தள்ளிக்கிட்டுப் போ”ம்பாரு. டபுள்ஸ் போனாலும் அதே கதிதான். டைனமோவை டயர்ல சாய்ச்சா விளக்கு எரியும், ஆனா மிதி கனக்கும்; அதனால போலீஸ் நிக்கற முக்கு வந்தா மட்டும் சாய்ச்சுக்குவோம்.

பொங்கல் கழிஞ்சா இன்னொரு சோதனை. சம்பா அறுப்பு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க. களத்துல இடம் இல்லாத சம்சாரி எங்கே காயப் போடுவான்? சர்க்கார் போட்ட தார் ரோட்லதான். ரோட்டுல பாதியை அடைச்சு, ஓரத்துல கல்லையும் மரக்கட்டையையும் வச்சு, நெல்லு கிடக்கும். அதுமேல உன் மெல்லிசு டயர் ஏறுச்சுன்னா சர்ருன்னு இழுத்துக்கும். விழுந்தா முதல்ல ஓடியாற பொம்பளை உன்னைத் தூக்க வர்றான்னு நினைச்சுடாதே. நெல்லு சிதறிடுச்சான்னு பார்க்கத்தான் வருவா. அதுக்கப்புறம் உன்னைத் தூக்குவா, தண்ணியும் குடுப்பா.

நெல்லை விட வைக்கோல் மோசம். போன வருசம் உன் சைக்கிள்ல அது சிக்கினப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். பின்சக்கரத்துப் பல்சக்கரம் பதினொண்ணுக்கும் நடுவுல, நூல்கண்டுல சுத்தின மாதிரி, ஒரு முழ நீளத் தாளு இறுக்கமாச் சுத்திக்கிடந்துச்சு. கீழே தொங்கற குட்டிச் சக்கரம் ரெண்டும் நகரவே இல்லை. நீ போனை எடுத்து வீடியோ தேடினே. களத்துல நின்ன கிழவி கொண்டையிலேருந்து ஊசியை உருவி, ஒவ்வொரு பல்லுக்கும் இடையில விட்டு, ஒவ்வொரு தாளா இழுத்துப் போட்டுட்டு, ஊசியைத் துடைச்சுத் திரும்பவும் கொண்டையில செருகிக்கிட்டா. அந்த ஊசி அவ காலு முள்ளு எடுக்கறதுக்கு வச்சிருக்கறது. உன் கருவிப் பையில பதினெட்டு சமாச்சாரம் மடங்கி மடங்கி இருக்கு, ஊசி இல்லை. வாங்கி வச்சுக்கோ.

முள்ளுன்னதும் பஞ்சர் ஞாபகம் வருது. சீமைக் கருவை நாட்டுல இருக்கற வரைக்கும் உனக்குப் பஞ்சர் உண்டு. எங்க டியூப்புன்னா எந்த ஊர்க் கடையிலயும் முடிஞ்சிடும். நம்மூர்க் கடை பாய் டியூபை உருவிக் காத்தடிச்சு, தண்ணிச் சட்டியில முக்குவாரு. கொப்புளம் வந்த எடத்துல குச்சியைக் குத்தி அடையாளம் வச்சு, துடைச்சு, அரத்தால தேச்சு, சொல்யூஷனைத் தடவி, ஊதிக் காயவிட்டு, ஒட்டைப் போட்டு சுத்தியால ரெண்டு தட்டுத் தட்டுவாரு. கதை ஒண்ணு பாதியில இருந்தா அது முடியற வரைக்கும் டயரை மாட்ட மாட்டாரு. உன் சைக்கிளைப் பார்த்ததும் அதே பாய் கையைக் கட்டிக்கிட்டாரு. காத்து மூக்கு ஊசியாட்டம் இருக்கு, இவர் பம்பு வாய்க்குள்ள நிக்க மாட்டேங்குது. அந்த மெல்லிசு மூக்குக்கு மேல திருகற பித்தளைக் கொண்டி ஒண்ணு விக்கிது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை மாட்டிட்டா மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பம்புலயே உனக்கும் காத்து ஏறும். ஒன்றரை லட்சத்து வண்டி அந்தக் கொண்டி இல்லாம நடுரோட்ல நிக்கும்.

கடலோரம் வேற. உப்புக்காத்துல செயின் ஒரு வாரத்துல பழுத்துடும். வெளியில போயிட்டு வந்தா நல்ல தண்ணியில கழுவித் துணியால ஒத்தி எடுத்து, பழைய பல்லு பிரஷ்ஷால செயினைத் தேச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேல வழியறதைத் துடைச்சிடு. உன்னைப் பத்தி ஒரு நல்ல சேதி: மாடி ரூம்ல இருக்கறதால உன் செயினுக்குத் துரு இல்லை. வேர்வைதான் ஹேண்டில் பார்ல சொட்டி சொட்டி, அங்கே புடிக்குது.

இப்போ உன் நெஞ்சுல கட்டற வார். இதயம் எத்தனை தடவை அடிக்குதுன்னு அது சொல்லும், நீ ‘ரெண்டாம் மண்டலத்துல’ மிதிக்கணும்னு உன் பயிற்சியாளர் எழுதியிருக்காரு. விசாரிச்சேன். சரியான சேதிதான். குளிர்காலத்துல மூச்சு முட்ட மிதிக்காம, நிதானமா, நீளமா மிதிச்சா உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும், தசைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய் பெருகும், கோடையில ஓட அஸ்திவாரம் ஆவும். அந்த நிதானத்துக்கு அடையாளம் என்னன்னா, மிதிச்சுக்கிட்டே முழு வாக்கியம் பேச முடியணும். இதுக்கா மெஷினு? பக்கத்துல நான் வர்றேன். கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு எவ்வளவு புடுங்கறான்னு நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. மூச்சு வாங்காம சொன்னா சரியான வேகம். வார்த்தை அறுந்து அறுந்து வந்தா வேகம் ஜாஸ்தி. பாட்டே வந்துச்சுன்னா நீ மிதிக்கலை, சும்மா உக்காந்திருக்கே.

நீயே ஒரு நாள் ஒரு விஷயம் சொன்னே, எனக்குப் புடிச்சுப் போச்சு. பிரெஞ்சுக்காரன் 1891-ல பாரிஸ்லேருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரைக்கும் போயிட்டுத் திரும்பற ஓட்டத்தை ஆரம்பிச்சான்னு. 1,200 கிலோமீட்டர், இப்போ 90 மணி நேரக் கெடு, நாலு வருசத்துக்கு ஒரு தடவை. அதுக்குப் போவணும்னா முதல்ல 200, 300, 400, 600 கிலோமீட்டர்னு படி ஏறணும். நம்ம நாட்டுலயும் நடக்குது, சென்னையிலயும் நடக்குது. ஒரு அட்டை குடுப்பாங்க, வழியில நிறுத்தம் நிறுத்தமா முத்திரை வாங்கணும். முதல்ல வந்தவன், கடைசியில வந்தவன்னு பரிசு கிடையாது. கெடுவுக்குள்ள வந்தா போதும். 200 கிலோமீட்டருக்கு பதிமூணரை மணி நேரம்னியே, நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். டீ, சாப்பாடு, பஞ்சர், ஒண்ணுக்கு எல்லாம் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட ஆவலை. அடப்பாவி, அது எங்க தபால்காரர் வேகம்! கீழ்வேளூர் பக்கத்துலேருந்து பின்னாடி மூட்டை கட்டிக்கிட்டு வர்ற கீரைக்காரர் வேகம். எடைக் கதையும் அப்படித்தான். உலக சைக்கிள் சங்கம் 6.8 கிலோவுக்குக் கீழே போட்டி சைக்கிள் எடை போவக் கூடாதுன்னு 2000-லயே விதி போட்டிருக்காம். எங்க கருப்பு சைக்கிள் 20 கிலோவுக்குக் குறையாது. அதுமேல ஒரு மூட்டை நெல்லு, அதுக்கும் மேல ஒரு புள்ளை. பார்ல இன்னொரு புள்ளை.

பார்ல புள்ளைன்னதும் உன் பெரியம்மாவைச் சொல்லாம விடக் கூடாது. கந்தர்வகோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவ. 1991-ல புதுக்கோட்டைக் கலெக்டரா ஷீலா ராணி சுங்கத் இருந்தப்போ அறிவொளி இயக்கம் வந்துச்சு. எழுத்து சொல்லிக் குடுக்க வந்தவங்க, அதோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க. அந்த மாவட்டத்துல லட்சம் பொம்பளைங்களுக்கு மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போயி, ஆம்பளை சைக்கிளை வாங்கினாங்க; அப்புறம் அதுவே நல்லதுன்னுட்டாங்க, பார்ல புள்ளையை உக்கார வச்சுக்கலாம்ல. பத்திரிகைக்காரர் சாய்நாத் நேர்ல போய்ப் பார்த்து எழுதினாரு. என் அக்கா கத்துக்கிட்டது ராத்திரியில, ரோட்ல ஆள் நடமாட்டம் அடங்கினப்புறம். மச்சான் கேரியரைப் புடிச்சுக்கிட்டு ஓடினவரு, எந்த இடத்துல கையை விட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் அவகிட்டே சொல்லலை. அடுத்த மாசமே அவ கோவிச்சுக்கிட்டு அந்த சைக்கிள்லயே பொறந்த வீட்டுக்குக் கிளம்பிட்டா. கத்துக் குடுத்ததுக்கு மச்சான் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இப்போ மார்கழிக் காலையில ரோட்ல வந்து பாரு. சர்க்கார் குடுத்த சைக்கிள்ல பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க மூணு மூணு பேரா ரோட்டை அடைச்சுக்கிட்டு வாடைக்கு எதிரா மிதிச்சுப் போவுதுங்க. பின்னாடி புத்தகப் பை, முன்னாடிக் கூடையில சோத்து டப்பா. ஹெல்மெட் மாட்டி, கண்ணாடி மாட்டி, பூச்சி நிறத்துல சட்டை போட்டுக்கிட்டு நீ அவங்களைத் தாண்டிப் போவே. மணி அடிச்சுட்டுப் போ. மணி இல்லையா? அதையும் எடை குறைக்கக் கழட்டிட்டியா? சரிதான்.

தின்றதுக்கு அந்த ஒட்டற பசைப் பாக்கெட்டை உறிஞ்சறதை விடு. மணிக்கு 30-லேருந்து 60 கிராம் மாவுச்சத்து வேணும்னு உன் பயிற்சியாளர் சொல்றது நெசந்தான். அதுக்கு ரெண்டு பூவம்பழமும் கடலை மிட்டாயும் போதும். சைக்கிளை நிறுத்தினப்புறம் நாகூர்ல இறால் வாடா இருக்கு. ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் போட்டுக் கிண்டின தம்ரூட் இருக்கு. மாடியில மிதிச்சவனுக்கு இதைக் கேக்க உரிமை இல்லைங்கறது என் தீர்ப்பு. தர்கா கந்தூரி நேரமா இருந்தா மட்டும் வண்டியை ஊருக்கு வெளியிலயே விட்டுட்டு வா. பிறைக் கணக்குங்கறதால அது வருசாவருசம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகரும். இப்போ சில வருசமா மழை, பனி காலத்தை ஒட்டித்தான் வருது. கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்துலேருந்து வர்ற அன்னைக்கு அந்த ரோட்ல சைக்கிள் இல்லை, காத்துகூட நுழையாது.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு நாகூர் ரயிலடிக்கு எதிர்ல நிப்பேன். பின்சக்கரத்தை மாட்டிக்கிட்டு வா. விளக்கு ரெண்டு, ஊசி ஒண்ணு, பித்தளைக் கொண்டி ஒண்ணு. முதல்ல வடக்கே, தரங்கம்பாடி வரைக்கும். வாடை அடிக்கறப்போ நீ முன்னாடி போ, நான் உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன். போட்டிக்காரனெல்லாம் அப்படித்தான் பண்றானாமே. டீக்காசு உன்னுது.